கெனெல் வீட்டு நிழல்

1874ஆம் ஆண்டு செப்டம்பர் பத்தாம் தேதி வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, எர்பவால் ஊரில் கெனெல் வீட்டு நிழல் ஊதாவாக மாறியபோது அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்கு உடையவரான அன்செல்ம் கெனெல், வயது ஐம்பத்தொன்று, அவருடைய மனைவி மெலனி, பங்குச் சாமியார் கரேல், எதிர்வீட்டுக்காரரும் அடக்கச் சபையின் தலைவருமான திபூர்ஸ், சவப்பெட்டியைச் சுமந்துவந்த சபையார் நால்வர், சாலைக்கு மறுபக்கம், திபூர்ஸ் வீட்டு வேலியோரம் வெள்ளைக் குடையின் கீழே உட்கார்ந்திருந்த படக்காரர் ஃபிர்மின் தெலோபியே. பெட்டிக்குள் ஆலைக்காரர் நார்சிஸ் இருந்தார். அவரைச் சாட்சியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு ஏறும் சாலை செங்குத்தானது. அதன் பாதி வழியில் கெனெல் வீட்டின் பக்கச்சுவர் நிற்கிறது. சுவரடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டையான கல். ஊரில் யார் இறந்தாலும், பணக்காரரோ பரதேசியோ, அடக்கச் சபையார் கைமணி அடித்துக்கொண்டு பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிவந்து அந்தக் கல்லின்மேல் இறக்கிவைப்பார்கள். அந்த நேரத்தில் சுவரின் நிழல் கல்லையும் சாலையையும் மூடியிருக்கும். கெனெல் வீட்டு மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஆப்பிள் மது நிறைந்த ஜாடியோடு நின்று, முதலில் இறந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போங்க" என்பார். பிறகு சுமந்துவந்தவர்களுக்கு ஆளுக்கொரு குவளை ஊற்றுவார். புரட்சியில் அரசரின் தலை போன வருடத்திலும் இது நடந்தது. பிரஷ்யப் படை ஊருக்குள் குதிரை கட்டிய குளிர்காலத்திலும் நடந்தது. கெனெல் குடும்பத்துக்குப் பட்டம் கிடையாது, கோயிலில் தனி இருக்கை கிடையாது. இந்த நிழல்தான் இருந்தது. அன்செல்ம் தன் தந்தை கையிலிருந்து ஜாடியை வாங்கியது இருபத்தேழாவது வயதில். அதற்குப் பிறகு ஓர் அடக்கத்துக்கும் அவர் தவறியதில்லை.

படக்காரர் வந்து அன்றைக்கு மூன்றாவது நாள். பாரிஸிலிருந்து வந்தவர், முப்பது வயது, பாதத்துக்குப் பெரிதான மரச் செருப்பு. மூன்று நாளும் காலையில் அதே இடத்தில் உட்கார்ந்து கெனெல் சுவரையே வரைந்தார். சுவரில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. சவ ஊர்வலம் வந்தபோது அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன், வரைந்துகொண்டிருந்த துணியில் தூரிகையால் ஒரே ஒரு தீற்று தீற்றினார். அந்தத் தீற்று முடிந்ததும் சாலையில் கிடந்த நிழல் ஊதாவாயிற்று. மெதுவாக அல்ல, ஜன்னல் கதவைச் சாத்தினால் அறை மாறுவதுபோல. சவத்தின்மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணி ஊதாவாகத் தெரிந்தது. சாமியாரின் வெள்ளை அங்கி ஊதாவாகத் தெரிந்தது. அன்செல்மின் கையிலிருந்த ஜாடியும், ஜாடியைப் பிடித்த கையும் ஊதா. நிழலுக்கு வெளியே எல்லாம் பழையபடி இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஊதாவுக்கு ஓர் இடம்தான் உண்டு. வசந்தத்தின் தொடக்கத்தில் வரும் தவக்காலத்தில் சாமியார் போடும் உடை அது. இயேசுவின் பாடுகளை நினைக்கும் வாரங்களில் சிலைகளை மூடும் துணி அது. திபூர்ஸ்தான் அதை வாய்விட்டுச் சொன்னார். "சாமி, இது தவக்கால நிறமாச்சே. செப்டம்பர்ல யாரு வீட்டுக்குத் தவக்காலம்?" திபூர்ஸ் கைமணியை இரண்டு தட்டு தட்டினார். நால்வரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருவரும் மதுவைத் தொடவில்லை. அன்செல்ம் ஜாடியோடு நின்றார். ஊர்வலம் வளைவு திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய் மதுவைப் பீப்பாயிலேயே திரும்ப ஊற்றினார். அந்த வீட்டில் அது முதல் தடவை.

நண்பகலுக்குள் அவர் படக்காரர் தங்கியிருந்த விடுதிக்குப் போனார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"எங்க வீட்டு நிழல என்னய்யா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. இருந்ததப் போட்டேன்."

"இருந்தது கறுப்பு. எங்க பாட்டனார் காலத்துலேருந்து கறுப்பு. அப்படியே திரும்பப் போட்டுடுங்க, நான் போயிடறேன்."

படக்காரர் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளை, மஞ்சள், இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு பச்சை. "எங்கிட்ட கறுப்பு கெடையாதுங்க. வச்சுக்கறதே இல்ல. வெளில எங்க தேடினாலும் கறுப்பு ஆப்புடல எனக்கு."

"கறுப்பில்லாம படம் போடறீங்களா? சமையக்காரன் உப்ப மறந்துட்டு வந்த கதையால்ல இருக்கு" என்றார் அன்செல்ம்.

ஆனாலும் படக்காரர் நல்ல மனிதர். தன்னால் ஒரு குடும்பத்துக்கு இடைஞ்சல் வந்துவிட்டது என்று தெரிந்ததும், மூன்று நாளில் கிளம்ப வேண்டியவர் தங்கிவிட்டார். சுவரைத் திரும்ப வரைந்தார். ஒவ்வொரு முறையும் ஊதாவே வந்தது. ஒருநாள் சற்று நீலம் கூடி, ஒருநாள் சற்று சிவப்பு கூடி. நிழலும் அதற்கேற்ப மாறியது. பனி பெய்தது, அப்போதும் வரைந்தார். ஆப்பிள் பூத்தது, அப்போதும் வரைந்தார். சுவருக்கு வெயில் வராத நேரங்களில் சும்மா இருக்க முடியாமல் வேறு இடங்களை வரைந்தார்: ஆற்றோர நெட்டிலிங்கம்போல் உயர்ந்த மரங்களை, வைக்கோற்போர்களை, துணி துவைக்கும் துறையை. அவையும் அவர் போட்ட நிறத்துக்கு மாறின. திபூர்ஸின் வைக்கோற்போர் ஒன்று இளஞ்சிவப்பாகி, மாடுகள் தின்று முடிக்கும்வரை அப்படியே இருந்தது. பாலில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு ஜனவரியில் விதவை ஒருத்தியின் தோட்டத்துப் பனி நீலமாகி, உருகியபோது நீலமாகவே வாய்க்காலில் ஓடியது. இவையெல்லாம் காய்ச்சல்போல் வந்து போயின. அறுவடையானது, உருகியது, உதிர்ந்தது. சுவர் கல்லால் கட்டியது. அதனால் அதன் நிழல் மட்டும் போகவில்லை.

வருடா வருடம் விடுதிக்காரர் எப்போது ஊருக்குப் போவதாக உத்தேசம் என்று கேட்பார். படக்காரர், "இந்த ஊரு இன்னும் முடியலீங்க" என்பார். பாரிஸில் அவருடைய படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேள்வி. சிரித்து முடித்தபின் சிலர் வாங்கவும் செய்தார்கள். ஒரு செல்வர் அவரைத் தெற்கே கடற்கரைக்கு அழைத்துப்போய் மாளிகையில் தங்கவைத்தார். படக்காரர் கடலுக்கு முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்தே வரைந்தார். துணியில் எர்பவால் சரிவு வந்தது. கெனெல் சுவரும் மேலே கோயில் மணிக்கூண்டும் வந்தன. வேறு துணி மாட்டினார். அதிலும் அதே சரிவு, இந்த முறை மழையில். அந்த நாளில் எர்பவாலில் மழை பெய்ததைச் சாமியாரின் குறிப்பேட்டில் பார்க்கலாம். ஒன்பதாம் நாள் அவர் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு, கோயில் மணி கேட்காத இடத்தில் அவர் ஓர் இரவும் தூங்கவில்லை.

இதற்கிடையில் ஊர் தன் கணக்கில் முடிவுக்கு வந்திருந்தது. செப்டம்பரில் தவக்காலத்தைப் போர்த்தியிருக்கும் வீட்டில் தீராத பாவம் ஒன்று இருக்க வேண்டும். அது தீரும்வரை இறந்தவர்களை அந்த நிழலில் இறக்கக்கூடாது. எந்த வழியாகத் தூக்கிப்போவது என்பது சபைத் தலைவரின் அதிகாரம். திபூர்ஸ் ஆலைப் பாதையைச் சொன்னார். அது நீளம் அதிகம், சேறு அதிகம், நிழல் அறவே இல்லை. சபையார் முணுமுணுத்தார்கள், ஆனால் போனார்கள். அன்செல்ம் திபூர்ஸிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதிர்வீடு, பன்னிரண்டு எட்டு நடை. கேட்கவில்லை. கெனெல் வீட்டார் யாரிடமும் போய் நின்றதில்லை. மாறாக, கீழே கைமணி கேட்கும்போதெல்லாம் அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜாடியை நிரப்பி, தொப்பியைக் கழற்றிக் கல்லின் பக்கத்தில் போய் நின்றார். மணிச்சத்தம் ஆலைப் பாதையில் திரும்பி, ஏறி, கோயிலுக்குள் அடங்கும்வரை நிற்பார். பிறகு உள்ளே வந்து மதுவைப் பீப்பாயில் ஊற்றுவார். மழையிலும் அப்படித்தான். முப்பத்துமூன்று வருடத்தில் அறுபத்தொரு பெட்டிகள் அந்தக் கல்லில் இறங்காமல் போயின. அறுபத்தொரு முறையும் அவர் நின்றார்.

பாவம் என்று சொல்லிவிட்டால் தேடத்தானே வேண்டும். அன்செல்ம் தேடினார். சாமியார் கரேலிடம் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் கேட்டு முடித்துவிட்டு, இவ்வளவையும் சேர்த்தால் ஒரு நாற்காலியின் நிழல்கூட மாறாது என்றார். பின்னே எது? ஊர் அதையும் கண்டுபிடித்து வைத்திருந்தது. புரட்சிக் காலத்தில் கோயில் நிலங்கள் ஏலம் போனபோது, அன்செல்மின் பாட்டனார் ஆற்றோரப் புல்வெளியை எடுத்திருந்தார். சட்டப்படிதான் எடுத்தார், ஊரில் பாதிப்பேர் எடுத்தார்கள், திபூர்ஸின் பாட்டனாரும் எடுத்தார். ஆனால் திபூர்ஸின் சுவருக்கு மாலையில்தான் நிழல், அதுவும் கோழிக்கொட்டகைமேல். 1881இல் அன்செல்ம் நகரத்துக்குப் போய்ப் பத்திரம் எழுதி, அந்தப் புல்வெளியைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆறு மாட்டுக்கான தீவனம் அதில் விளைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சாலைக்கு வந்து பார்த்தார். ஊதா. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் ஊர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. ஒன்றும் இல்லாமலா கொடுத்தான் என்றார்கள். அதுவரை சந்தேகமாக இருந்தது, அன்றோடு உறுதியாயிற்று.

அன்று சாப்பாட்டு வேளையில் மெலனி சூப் பரிமாறிக்கொண்டே சொன்னாள், "ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? நான் கல்யாணமாகி வந்த வருஷம், அந்தக் கல்லுமேல வெள்ளத் துணி ஒண்ண உலத்தினேன். அப்பவே அது ஊதாவாத்தான் இருந்துச்சு. உங்கம்மா திட்டுவாங்கன்னு எடுத்து உள்ள வச்சுட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நிழல் என்ன நெறம்னு யாரு கேட்டா? நீங்க அதுல நின்னீங்க, ஊத்தினீங்க. அதப் பாத்தீங்களா?"

அன்செல்ம் ஆறு வாரம் அவளோடு பேசவில்லை. அவளும் சூப்பில் எதையும் குறைக்கவில்லை.

1889 செப்டம்பரில், நிழல் மாறிப் பதினைந்து வருடம் நிறைந்த வாரத்தில், அன்செல்ம் சந்தை நகரத்துக்குப் போய், வண்டிகளுக்கு அடிக்கும் கறுப்புச் சாயம் ஒரு டப்பா வாங்கிவந்தார். நகரத்திலேயே அதைவிடக் கறுப்பு இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். காலையில் குடையின் கீழே இருந்த படக்காரரின் முன்னால் அதை வைத்தார்.

"கறுப்பில்லன்னு சொன்னீங்கல்ல. இந்தாங்க."

படக்காரருக்குத் தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. டப்பாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஐயா, இது நெழல்ல இல்லாத நெறம்."

"உங்கள எதுவும் கேட்டிருக்கேனா இத்தன வருஷத்துல? என் வேலியோரமா ஒக்காந்திருக்கீங்க, போன்னு சொன்னேனா?"

வேலி திபூர்ஸுடையது. படக்காரர் அதைச் சொல்லவில்லை. சற்று நேரம் தூரிகையைக் கையில் வைத்திருந்தார். பிறகு கறுப்பில் தோய்த்து, துணியில் நிழல் இருந்த இடத்தை முழுக்க மூடினார்.

சாலையில் நிழல் கறுத்தது. கரியைப்போல் அல்ல, கரிக்காவது மேல்பரப்பு உண்டு. கல் காணாமல் போனது, சாலையின் கூழாங்கற்கள் காணாமல் போயின. மேய்ந்துகொண்டே நிழலுக்குள் நுழைந்த பெட்டைக்கோழி, முன்பாதி இல்லாமல் ஒரு கணம் நின்று, முழுக்க இல்லாமல் போயிற்று. கொக்கரிப்பு மட்டும் கேட்டது. பால் வண்டி இழுத்துவந்த மாடு விளிம்பில் நின்று, அடித்தும் நகரவில்லை. அன்செல்ம் பின்வாங்கவில்லை. தான் கேட்டது இதுதான் என்பதால் முன்னால் போய் வலது கையை நிழலுக்குள் நீட்டினார். மணிக்கட்டுக்கு அப்பால் கை இல்லை. விரல்களை அசைத்தார், அசைவதை உணர முடிந்தது, விரல் தெரியவில்லை. ஜாடியைப் பிடித்த கை அது. இந்த நிழலில் ஒருவரை இறக்கிவைத்தால் திரும்ப எடுக்க முடியுமா என்று அப்போது தோன்றியது. அவர் தந்தையை, தாயை, கொள்ளைநோயில் இறந்துபோன தம்பியை எல்லாம் இந்தக் கல்லில்தான் இறக்கிவைத்தார்கள். இவ்வளவு கறுப்பாக ஒருநாளும் அது இருந்ததில்லை. இருந்திருந்தால் அவர்களுடைய முகம் இறக்கிய இடத்திலேயே தொலைந்திருக்கும்.

"எடுத்துடுங்க" என்றார். குரல் உயரவில்லை.

படக்காரர் கத்தியால் சாயத்தைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட ஊதா திரும்பியது. கோழி இருந்த இடத்திலேயே இருந்தது, கோபமாக. கல் இருந்தது. நிழலுக்குள் ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாக, கழுவி வைத்ததுபோல் இருந்தது. கல்லின் விளிம்பில் பாசி பச்சையாக இருந்தது. மண்ணில் மாட்டின் குளம்புத் தடம், அதில் நேற்றைய மழைத்தண்ணீர், தண்ணீரில் ஒரு துண்டு வானம். அன்செல்ம் கையை எடுக்காமல் அப்படியே நின்று பார்த்தார். கை ஊதாவாக இருந்தது, ஐந்து விரலும் இருந்தன. பிறகு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நன்றி சொல்லவில்லை. அந்த வாரமே வண்டியைக் கறுப்பில் அடித்து டப்பாவைக் காலி செய்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஒன்பது மணிக்கு அவர் நாற்காலி ஒன்றைச் சாலையோரம் போட்டு உட்கார்ந்தார். கேட்டவர்களிடம், படக்காரர் வீட்டுக்கு மேலும் இடைஞ்சல் செய்யாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் சாலை. பெரும்பாலும் பேச்சு இல்லை. சில வருடங்களில் அன்செல்முக்கு ஒன்று பிடிபட்டது: பிப்ரவரியில் நிழலில் நீலம் கூடும், வைக்கோல் காயும் மாதத்தில் அடியில் சிவப்பு கசியும், மழை வருவதற்கு முதல்நாள் விளிம்பில் பச்சை தட்டும். ஒருநாள் அவர் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து, "இன்னிக்கு பச்ச அதிகம்" என்றார். படக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, விட்டுட்டேன்" என்று துணியில் ஒரு தீற்று வைத்தார். அவர்களுடைய நட்பு என்று சொன்னால் அவ்வளவுதான்.

1896 குளிர்காலத்தில் மெலனி இறந்தாள். அன்று மூடுபனி, எந்த வீட்டுக்கும் நிழல் இல்லை. கெனெல் வீட்டுச் சவமும் வாசலிலிருந்து எடுத்ததும் அந்தக் கல்லில் ஒருமுறை இறக்கப்படும், அது வழக்கம். நிழலே இல்லாத நாளில் ஊருக்கு என்ன தடை என்று அன்செல்ம் நினைத்திருந்தார். சபையார் கல்லைத் தாண்டிப் போனார்கள். அவர் ஜாடியோடு நின்ற இடத்திலிருந்து நகராமல், பெட்டி சற்றுத் தூரம் போனபிறகு, அதற்குக் கேட்காத குரலில், இளைப்பாறிட்டுப் போ என்றார். பிறகு பின்னால் நடந்தார்.

படக்காரர் இறந்தது 1907 நவம்பரில், விடுதியின் மேல்மாடி அறையில். உறவு என்று யாரும் இல்லை. விடுதிக்காரர் ஆள் அனுப்பி, நீண்டநாள் தெரிந்தவர் என்பதால் அன்செல்ம் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது என்றார். எண்பத்துநான்கு வயதில் அவர் கைத்தடியோடு சரிவில் இறங்கினார். அறையில் படக்காரரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். விரல் நகங்களில் மட்டும் நிறம் இருந்தது. சுவரோரம் துணிகள் சாத்தியிருந்தன. விற்காதவை, விற்கக் கொடுக்காதவை. எல்லாம் கெனெல் சுவர். பனியில், மழையில், ஆப்பிள் பூத்த மாதத்தில், புல் வெட்டும் மாதத்தில். அன்செல்ம் ஒவ்வொன்றாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொடங்கினார்.

படக்காரர் தன் படங்களில் ஆட்களைப் போட்டதில்லை, ஊருக்கே தெரியும். ஆனால் இந்தத் துணிகளில், கல்லின் பக்கத்தில், செங்குத்தாக ஒரு தீற்று இருந்தது. கீழே இருட்டு நீலம், மேலே தொப்பியில்லாத தலைக்கு ஒரு சொட்டு வெள்ளை. முகம் இல்லை, கை இல்லை. முதுகு மட்டும் நேராக இருந்தது. எல்லாத் துணியிலும் இருந்தது. மூலையில் தேதி எழுதியிருந்தது. அன்செல்முக்கு அந்தத் தேதிகள் தெரியும்: தச்சர் உர்பேன் போன நாள், விடுதிக்காரரின் தாய் போன நாள், இரட்டைக் குழந்தைகள் போன நாள். மூடுபனியில் ஒரு துணி, முழுக்கச் சாம்பல் வெள்ளை, சுவர்கூடச் சரியாகத் தெரியாது. அதிலும் அந்தத் தீற்று நின்றது. அவர் எண்ணிப் பார்த்தார். அறுபத்தொன்று.

அன்று மாலை அன்செல்ம் கெனெல் சாலையைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். திபூர்ஸுக்கும் எழுபத்தெட்டு ஆகியிருந்தது. அடுப்பருகில் போர்வைக்குள் இருந்தார்.

"அட, அன்செல்ம் அண்ணனா? முப்பத்துமூணு வருஷமா எதுத்த வீட்லதான் இருக்கேன். இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"ஒரு வார்த்த கேக்க வந்தேன்."

"கேக்கவா? ஒங்க வீட்லயா?"

"நாளைக்குப் படக்காரர எங்க கல்லு வழியா எடுத்துட்டுப் போகணும். இறக்கிவச்சு எடுத்துட்டுப் போகணும்."

திபூர்ஸ் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தவக்காலம் இன்னும் முடியலியே அண்ணே."

"முடியாது. எங்க வீட்டு நெழல் அந்த நெறம்தான். என் பொஞ்சாதி அப்பவே சொன்னா. பாவம்னு வச்சுக்கிட்டாலும் சரி, இல்லன்னாலும் சரி. அது கறுப்பில்ல, கறுப்பா இருந்ததும் இல்ல."

"கேட்டிருந்தா மொத வருஷமே விட்டிருப்பேன்" என்றார் திபூர்ஸ். "ஆலப் பாதைல ஏறி ஏறி என் முட்டி போச்சு. ஒரு தடவ வந்து கேட்டீங்களா?"

"கேக்கற பழக்கம் எங்க வீட்ல இல்ல."

"இப்ப?"

"இப்பக் கேக்கறேன்."

மறுநாள் காலை வானம் தாழ்ந்து மூடியிருந்தது. பத்து மணிக்குக் கோழிகள் பொழுது சாய்ந்துவிட்டதாக எண்ணிக் கொட்டகைக்குத் திரும்பின. விளக்கு ஏற்றிய வீடுகளும் இருந்தன. மரத்துக்கு நிழல் இல்லை, மணிக்கூண்டுக்கு நிழல் இல்லை, சுமந்துவந்தவர்களுக்கும் இல்லை. திபூர்ஸ் கைமணியோடு முன்னால் நடந்துவந்தார். ஆலைப் பாதை பிரியும் இடத்தில் சபையார் பழக்கத்தில் திரும்பப் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் நேராக ஏறினார். வளைவு தாண்டியதும் எல்லோரும் பார்த்தார்கள்: கெனெல் சுவரின் நிழல் சாலையில் விழுந்து கிடந்தது, பத்து மணிக்கு எந்த அளவு இருக்க வேண்டுமோ அந்த அளவு, விளிம்பு கூர்மையாக, ஊதாவாக. சபையாரில் ஒருவர் மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு, தோளில் பாரம் இருந்ததால், பார்ப்பதை விட்டுவிட்டார்.

அன்செல்ம் கல்லின் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். பெட்டியை இறக்கிவைத்தார்கள். பெட்டி ஊதாவாயிற்று.

"கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போங்க" என்றார். பிறகு, வழக்கத்தில் இல்லாத ஒன்றாக, பெட்டியின் பக்கம் குனிந்து, "ஒரு தடவ பாத்துக்குங்க. நெறம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

நால்வருக்கும் ஊற்றினார். நால்வரும் குடித்தார்கள். ஐந்தாவது குவளையைத் திபூர்ஸ் தானே கேட்டு வாங்கினார். அன்று ஜாடியில் பீப்பாய்க்குத் திரும்ப எதுவும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு ஆலைப் பாதையில் யாரும் போகவில்லை; இப்போது அங்கே முள்தான். திபூர்ஸை 1910இல் இறக்கிவைத்தார்கள். பன்னிரண்டு எட்டுத் தூரம்தான், ஆனாலும் வைத்தார்கள். ஜாடியோடு நின்றவர் அன்செல்ம். அவரை மறு வருடம் இறக்கிவைத்தபோது அவருடைய மகன் நின்றார். சாலைக்குத் தார் போட்டபிறகும் நிழல் தாரின்மேல் ஊதாவாகவே விழுகிறது. மொத்தமாகத் துணி துவைக்கும் நாட்களில் வெள்ளைத் துணிகளை அங்கே காயப்போடுவதில்லை. மற்றபடி யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, மழை பெய்யுமா என்று விளிம்பைப் பார்ப்பதைத் தவிர.

படக்காரரை இறக்கிவைத்த அன்று அன்செல்ம் கெனெல் அழுதார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் அழவில்லை. தொப்பியைக் கழற்றியிருந்தார், வெயில் கண்ணில் பட்டது.